ஒரகடம் வெயிலில் ஒரு பென்டாக்ஸ் கே1000

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை பல தொழிற்சாலைகளில், செல்போன் கேமராவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள். அதனால் இந்தப் பழைய ஜப்பான் எஸ்எல்ஆரைச் சோதித்துப் பார்த்ததெல்லாம் கேட்டுக்கு வெளியேதான்: புதுக் கார்களைச் சுமந்து நிற்கும் டிரெய்லர்கள், ஷிப்ட் முடிந்து கழுத்தில் ஐடி கார்டோடு டீக்கடையில் நிற்பவர்கள், ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் தெரு.

பென்டாக்ஸ் கேமராக்களைத் தயாரித்த அசாஹி ஆப்டிகல் நிறுவனம் கே1000-ஐ 1976-ல் வெளியிட்டது. அதே ஆண்டு கேனான் ஏஇ-1 மைக்ரோபிராசஸரோடு வந்து பரபரப்பாக்கியது. பென்டாக்ஸோ இருப்பதையும் கழற்றிப் போட்டது. செல்ஃப் டைமர் கிடையாது, ஆட்டோ என்ற பேச்சே கிடையாது. விலை குறைந்தது, போட்டோகிராபி வகுப்புகளில் ஆசிரியர்கள் கைகாட்டிய கேமரா இதுவே ஆனது. 1997 வரை உற்பத்தியில் இருந்து, 30 லட்சத்துக்கு மேல் விற்றது.

கையில் எடுத்தால் அறுநூறு கிராமுக்கு மேல் கனக்கிறது. ரீவைண்ட் குமிழை மேலே இழுத்தால் பின்கதவு திறக்கும். ரோலின் நாக்கைச் சுருட்டும் தண்டில் செருகி, மூடி, லீவரைக் கட்டைவிரலால் இழுக்க வேண்டும். அப்போது ரீவைண்ட் குமிழும் சேர்ந்து சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ரோல் மாட்டவில்லை. 36 படமும் காற்றில் போகும்.

வியூஃபைண்டரின் வலப்பக்கம் ஒரு முள். அது நடுவில் நிற்கும்வரை ஷட்டர் வேகத்தையோ அப்பர்ச்சரையோ திருப்ப வேண்டியதுதான், வேறு வேலை இல்லை. என்ன வேகம், என்ன அப்பர்ச்சர் என்று வியூஃபைண்டர் காட்டாது. கண்ணை எடுத்துத்தான் பார்க்க வேண்டும். இதற்கு எரிச்சல்படுபவர்கள் வேறு கேமரா தேடலாம்.

ஒரகடத்து மதிய வெயில்தான் இதற்கு உண்மையான சோதனை. ஷட்டரின் உச்ச வேகம் 1/1000 நொடி. 400 ஐ.எஸ்.ஓ ரோல் போட்டால், உச்சி வெயிலில் அந்த வேகத்திலும் எஃப்/11-க்குக் கீழே திறக்க வழியில்லை. பின்னணியை மங்கலாக்கி முகத்தை மட்டும் பிடிப்பதெல்லாம் மறந்துவிட வேண்டியதுதான். 100 ரோல் என்றால் எஃப்/5.6 வரை இறங்கலாம். மீட்டருக்கு இன்னொரு பலவீனமும் உண்டு: சட்டகம் முழுவதையும் சராசரியாக எடுத்துக்கொள்கிறது. டிரெய்லருக்குப் பின்னால் வெளுத்த வானம் பாதி இடத்தைப் பிடித்தால், முள் அதை நம்பி ஏமாறும். டிரைவரின் முகம் கறுத்துவிடும். தரைப்பக்கம் கேமராவைச் சாய்த்து அளந்துகொண்டு எடுப்பதே வழி.

பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். சின்ன எல்ஆர்44 ஒன்று போதும். அது தீர்ந்தாலும் ஷட்டர் ஓடும். ஏஇ-1-ல் பேட்டரி போனால் கேமராவே முடங்கிவிடும். ஆனால் கே1000-ன் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போடாவிட்டால் பேட்டரி காலியாகும்.

செல்போன் காலத்தில் பிலிம் எதற்கு என்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1991 மே 21 இரவு, ராஜீவ் காந்தி கூட்டத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த ஹரிபாபு குண்டுவெடிப்பில் இறந்தார். அவர் கொண்டுவந்ததும் ஒரு ஜப்பான் கேமராதான், சினான். அது சிதையாமல் கிடைத்தது. உள்ளே இருந்த ரோலைக் கழுவியபோது 10 படங்கள் தேறின. குண்டைக் கட்டிக்கொண்டு மாலையோடு காத்திருந்த பெண் அதில் பதிவாகியிருந்தாள். புலனாய்வுக்குக் கிடைத்த முதல் பிடி அந்த ரோல்தான்.

செலவு கடிக்கும். உதகையில் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடப்பட்டுவிட்டது. இனி எல்லாமே இறக்குமதி ரோல். வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாயைத் தாண்டும். ஒரு க்ளிக்குக்குக் கிட்டத்தட்ட முப்பது ரூபாய். கல்யாண ஆல்பத்துக்கு இதை நம்பி இறங்குவது வீண் துணிச்சல். வாரக்கடைசியில் பத்துப் பன்னிரண்டு படம் யோசித்து எடுப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான பழைய கேமரா கிடைப்பது கடினம்.

வாங்குவதற்கு முன் லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பங்கஸ் பிடித்திருக்கும் வாய்ப்பு அதிகம். பின்கதவின் பஞ்சு விரலில் பிசுபிசுவென ஒட்டினால் மாற்ற வேண்டியிருக்கும், மலிவான வேலைதான். முள் அசையவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஷட்டர் திணறினால் வாங்கவே வேண்டாம். லென்ஸ் நன்றாக இருந்தால் அந்தப் பணம் வீணாகாது: 1975-ல் வந்த அதே கே மவுண்ட் இன்றைய பென்டாக்ஸ் டிஜிட்டல் எஸ்எல்ஆரிலும் பொருந்தும்.