அடுப்புக்கு மூலை, துணிக்கு மிச்சம்

ஒரகடம் பக்கத்து வடக்குப்பட்டு போன்ற ஊர்களில் பழைய வீட்டைத் திருத்திக் கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் முதலில் கேட்பது, "அக்னி மூலை எங்கே வருது?" என்று. எல்லாம் முடிந்து டைல்ஸ் ஒட்டும் நேரத்தில்தான், "வாஷிங் மெஷினை எங்கே வைக்கிறது?" என்ற கேள்வி வருகிறது. அடுப்புக்கு மூலை பார்க்கிறோம். துணிக்கு மிச்சமிருக்கும் இடத்தைக் கொடுக்கிறோம். இந்த வரிசை மாறவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முன்பு இப்படி ஒரு கேள்வி எழவே இடமில்லை. சமையலறைக்குப் பின்னால் புழக்கடை இருந்தது. கிணற்றடியும் துவைக்கிற கல்லும் கொடிக்கயிறும் வெயிலும் அங்கே இருந்தன. அம்மியும் ஆட்டுக்கல்லும் தரையில் கிடந்தன. உட்கார்ந்து செய்யும் சமையலுக்கு மேடை தேவைப்படவில்லை. எரிவாயு வந்ததும் சமையல் எழுந்து நின்றது. 2011இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபின் மேடைமேல் இரண்டு எந்திரங்கள் ஏறின. அதே காலத்தில் ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்களுக்கு வேலைக்கு வந்தவர்கள் வாடகைக்கு இடம் தேட, புழக்கடைகள் போர்ஷன்களாயின. வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அப்படிப்பட்ட இடம் கிடைக்காதவர்களைச் சுற்றுவட்டாரக் கிராமத்து வீடுகள்தான் தாங்குகின்றன. வீட்டுக்காரருக்கு வாடகை வந்தது. துணிக்கு இருந்த வெயில் போனது.

இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான். அக்னி மூலையான தென்கிழக்கில் 'ட' வடிவக் கிரானைட் மேடையோடு சமையலறை. அதன் பின்சுவரை ஒட்டி, மூன்றடி நான்கடி அகலத்தில் ஷீட் போட்ட ஒரு சந்து. அதற்கு 'சர்வீஸ்' என்று பெயர். துணி துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் அங்கே.

இந்த அமைப்பில் நல்லது இல்லாமல் இல்லை. சிங்க் குழாயும் மெஷின் குழாயும் ஒரே சுவரில் வருவதால் குழாய்ச் செலவு குறைகிறது; கசிந்தால் தேட ஒரே சுவர்தான். குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே மெஷினில் துணி போடலாம். நடை குறைவது சிறிய விஷயமல்ல. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறை 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம்தான். சமைப்பவளின் ஒவ்வோர் அடியையும் கணக்கிட்டு அடுப்பையும் தொட்டியையும் அலமாரியையும் கைக்கெட்டும்படி வைத்தார். மாடுலர் கிச்சன் கடைக்காரர் காட்டும் படம் அந்தச் சிந்தனையின் பேரப்பிள்ளை. ஆனால் அந்த ஃபிராங்க்ஃபர்ட் அறை ஒருவர் மட்டும் நின்று வேலை செய்வதற்கானது. நம் வீடுகளில் மாமியார் கிரைண்டரை வழிக்கும்போது மருமகள் அடுப்பில் நிற்பாள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த மகன் டிபன் பாக்ஸ் கழுவுவான். இரண்டு பேர் முதுகு இடிக்காமல் திரும்ப மேடைக்கு எதிரே நான்கடியாவது வேண்டும்.

குறைகளில் முதலாவது காற்று. அக்னி மூலைக்கு ஒரு நியாயம் உண்டு: காலை வெயில் விழும், ஈரம் காயும். ஆனால் இந்த வட்டாரத்தில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. தாளிக்கிற புகையை அது கூடத்துக்குள் தள்ளுகிறது. அதே சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் அது காற்றை எதிர்த்துச் சுற்றும். மூலையை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள் புகைக்குழாயைக் கூரைக்கு மேலே கொண்டுபோக வேண்டும்.

இரண்டாவது, சமையலறை ஜன்னல் அந்தச் சந்துக்குள் திறப்பது. மெஷினின் ஈரமும் சோப்பு வாடையும் சமையலறைக்கு வருகின்றன. சமையலறைக்கு வரவேண்டிய வெளிச்சத்தை ஷீட் தடுக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தது 5 சதுர மீட்டர் பரப்பும் 1.8 மீட்டர் அகலமும் கேட்கிறது. அளவு சரியாக இருந்தும், பகலில் லைட் போடாமல் அரிசியில் கல் பொறுக்க முடியாத சமையலறைகள் இப்படித்தான் உண்டாகின்றன.

மூன்றாவது குறை உயிரைத் தொடுவது. இடம் போதாமல் சிலிண்டரையும் அந்தச் சந்திலேயே மெஷினுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். மேலே ஜன்னல் இருந்து பயனில்லை. மெஷின் மோட்டாரோ சுவிட்சோ ஒரு பொறி விட்டால் போதும். சிலிண்டர் நிற்கும் இடத்தில் தரைமட்டத்தில் திறப்பு வேண்டும். மெஷினின் பிளக் அதிலிருந்து விலகி, உயரத்தில் இருக்க வேண்டும். மாடுலர் அலமாரிக்குள் சிலிண்டரை வைத்துக் கதவை இறுக மூடுவதும் இதே தவறுதான்.

நான்காவது, ஒரே உயரத்தில் ஓடும் மேடை. மேஸ்திரிகள் வழக்கமாக இரண்டே முக்கால் அடிக்குக் கல் போடுகிறார்கள். ஐந்தடிப் பெண் காய் நறுக்க அது சரி. அதன்மேல் அடுப்பு, அடுப்பின்மேல் குண்டான் என்று ஏறும்போது தோளைத் தூக்கித்தான் கிளற வேண்டியிருக்கிறது. அடுப்பு வைக்கும் பகுதியை மட்டும் நான்கு அங்குலம் இறக்குவதற்குக் கூடுதல் செலவு அதிகம் ஆகாது. ஆனால் நிற்கப்போகிறவளை நிறுத்தி அளந்து கட்டிய வீடுகள் குறைவு.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது, துவைப்பதற்கு இடம் யோசிக்கிறவர்கள் காயவைப்பதற்கு யோசிக்காதது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த ஊர்களில் துணி இரண்டு நாளானாலும் காயாது. வேலைக்குப் போகிறவருக்கு இருப்பது இரண்டு யூனிபார்ம். காலை ஷிப்டுக்கு இருட்டோடு கம்பெனி பஸ் வந்துவிடும். மெஷினுக்கு இரண்டடிக்கு இரண்டடி இடம் போதும். ஆனால் ஒரு குடும்பத்தின் துணியைக் கொடியில் விரிக்க, மழை நனைக்காத, காற்று ஊடுருவும் எட்டடி நீளம் வேண்டும். சந்தின் வெளிச்சுவரை முழுதாக எழுப்பாமல், இடுப்புயரத்துக்கு மேல் ஜாலி வைத்தால் காற்று வரும், சாரல் குறையும். போர்ஷன்களுக்குப் பொதுவாக மாடியில் ஒரு கொட்டகை போட்டால் குடியிருப்பவர்களுக்கும் உதவும்.

ஆகவே என் யோசனை, திட்டத்தை ஈரத்திலிருந்து தொடங்குவது. அடுப்பை நாளை நான்கடி நகர்த்தலாம், டியூப்தான் மாறும். கழிவுநீர்க் குழாயையும் தரைச் சரிவையும் நகர்த்த வேண்டுமானால் தரையையே உடைக்க வேண்டும். எனவே தண்ணீர் எங்கே வந்து எங்கே போகும், துணி எங்கே காயும் என்பதை முதலில் குறியுங்கள். அடுத்து சிலிண்டருக்கு இடம், அதற்கடுத்து ஜன்னல். மூலையைக் கடைசியில் பாருங்கள். பல மனைகளில் அதுவும் பொருந்தி வரும்.

மேஸ்திரி சுண்ணாம்புக்கோடு போடும் நாளில், வீட்டில் விடியுமுன் எழுகிறவர் யாரோ அவரைக் கூப்பிட்டு அந்தக் கோட்டுக்குள் நிற்க வையுங்கள். தண்ணீர் பிடிப்பது, அரைப்பது, தாளிப்பது, துணியை எடுத்துக் கொடியில் போடுவது என்று ஒருமுறை நடந்து காட்டட்டும். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ, அங்கே கோட்டை அழித்து மாற்றிப் போடுங்கள். சுவர் எழும்பிய பிறகு அந்தத் தயக்கத்தை அவர் ஒவ்வொரு காலையும் படவேண்டியிருக்கும்.