எட்டா என்னும் நூலும் வடபுலச் சமயத்தின் மறுமலர்ச்சியும்

வழக்கொழிந்த சமயமொன்று மீண்டும் தோன்றுமாயின், அஃது எதனைச் சான்றாகக் கொண்டு தன்னைப் பழைய சமயமென நிறுவும் என்பது ஆராய்தற்குரிய வினாவாகும். வழிபாடு அறாது வந்த இடத்து வழக்கே சான்று. அற்றுப்போன இடத்து எஞ்சுவது பெரும்பாலும் எழுத்தே. ஓடின், தோர் முதலிய தெய்வங்களைப் போற்றிய வட ஐரோப்பியச் சமயம் இவ்விரண்டாம் வகையினது. ஐஸ்லாந்துத் தீவில் அது மறுமலர்ச்சியுற்ற வரலாறு, எஞ்சிய எழுத்தை எவ்வாறு படித்தல் தகும் என்பதனைத் தெளிவுறுத்தும்.

கி.பி. 1000 அளவில், ஆல்திங் என்னும் நாட்டவையிலே பழஞ்சமயத்தாருக்கும் கிறித்தவருக்கும் பிளவு மூண்டது. அவையிற் சட்டமுரைக்கும் பதவி வகித்த தோர்கெயிர், தாம் பழஞ்சமயத்தவராயிருந்தும், சட்டம் பிளவுறின் அமைதியும் குலையுமென எண்ணி, யாவரும் திருமுழுக்குப் பெறுக எனத் தீர்ப்பளித்தார் என்பர். மறைவாகப் பலியிடுதல் முதற்கண் தண்டிக்கப்படவில்லை; சில ஆண்டுகளில் அச்சலுகையும் நீங்கிற்று. அதன்பின் பூசகரோ பொதுவழிபாடோ நிலைக்கவில்லை.

அங்ஙனமாயின் தெய்வக் கதைகள் பிழைத்தது எவ்வாறு? இரு நூற்றாண்டு கழித்து, 1220 அளவில், ஸ்னோறி ஸ்தூர்லூசன் என்னும் கிறித்தவப் பெருமகன் எட்டா என்னும் உரைநடை நூலை இயற்றினார். அது மறைநூலன்று, இளம்புலவர்க்குச் செய்யுணெறி கற்பிக்க எழுந்த இலக்கண நூல். பழம்புலவர் பொன்னைச் 'சீவின் கூந்தல்' என்பர். சீவ் என்னும் தெய்வ மகளின் கூந்தலை லோக்கி அறுத்ததும், அதற்கீடாகக் குறளர் பொற்கூந்தல் சமைத்ததும் அறியாதார்க்கு இத்தொடர் விளங்காது. ஆகவே அணியை விளக்கப் புகுந்த ஆசிரியர் கதையைக் கூறினார். கதையைக் காக்கப் புகுந்தாரல்லர். தெய்வங்களை ஆசியாவிலிருந்து வந்த மாந்தரென்றே அவர்தம் முன்னுரை கொள்ளும். தெய்வப் பாடல்களின் தொகுதியாகிய மற்றை எட்டாவும் 1270 அளவில் எழுதப்பெற்ற ஏட்டுப்படி ஒன்றையே பெரிதும் சார்ந்துள்ளது. 45 தோலேடுகள் எஞ்சிய அப்படி 1662 இல் டென்மார்க்கு மன்னரிடம் சென்று, 1971 இல் தாயகம் மீண்டது.

இத்தகைய சான்றினைக் கையாளுதலில் இரு நெறிகள் காணப்படும். ஒஸ்திரிய நாட்டினரான குயிடோ வொன் லிஸ்ட் (1848–1919) ஒரு நெறிக்கு உரியவர். ஹாவமால் என்னும் பாட்டில் ஓடின் கூறும் பதினெட்டு மந்திரங்களைப் பதினெட்டு ரூன் எழுத்துக்களோடு அவர் பொருத்தினார். 1902 இற் கண் அறுவைக்குப்பின் பார்வையற்றிருந்த காலத்தே அவ்வெழுத்துக்களின் மறைபொருள் தமக்கு விளங்கியதென உரைத்து, 1908 இல் நூலாக வெளியிட்டார். பழைய ரூன் வரிசைக்கு எழுத்து 24. பின்னெழுந்த வைக்கிங் கால வரிசைக்கு 16. பதினெட்டு என்பது இவ்விரண்டனோடும் பொருந்தாது. எனினும் அறுபடாத இரகசியக் குருமரபொன்று உண்டென அவர் கற்பித்தார். சான்றில்லா இடத்தைக் குருதி நிரப்பிற்று. அக்கற்பனை ஆரிய இனவெறிக்குத் துணையாயிற்று.

ஐஸ்லாந்தின் நெறி வேறு. 1972 இற் கோடையின் முதல்நாளில் ஆசாத்றூ சங்கம் அமைக்கப்பெற்றது. அடுத்த ஆண்டில் அரசு அதனை ஏற்றது. அதன் முதற் தலைவர் ஸ்வெயின்பியோர்ன் பெயின்தெயின்சன் (1924–1993) உழவர். பழைய யாப்பில் வல்ல கவிஞர். 1953 இல் யாப்பு நூல் வெளியிட்டவர். செய்யுளிலக்கணத்தாற் பிழைத்த சமயம் யாப்பறிந்தார் ஒருவரால் மீண்டமை பொருத்தமுடைத்து. 2003 முதல் தலைமைபூண்ட ஹில்மார் ஓர்ன் ஹில்மார்சன், இக்கதைகள் கவிதை உருவகங்கள்; இயற்கையாற்றலையும் மனிதவுளத்தையும் காட்டுவன என 2015 இற் கூறினார். இச்சங்கத்தின் சடங்கில் விலங்குப் பலி இல்லை. இன மேலாண்மைக்குத் தம் சமயத்தைக் கருவியாக்குதலையும் அச்சங்கம் வெளிப்படையாக மறுத்துள்ளது.

தெய்வம் உருவகமாயின் அது சமயமாகுமோ எனின், இவ்வினாவை எளிதில் ஒதுக்கலாகாது. தோரின் சம்மட்டி வடிவமைந்த தாயத்துக்கள் வடநாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. அவற்றை அணிந்தார்க்குத் தோர் உருவகமென்று கோடற்கு ஏதுவில்லை. காவல் வேண்டுவோர்க்கே தாயத்து. ஆதலின் இற்றைச் சமயம் பழஞ்சமயமே எனல் சாலாது. பழம்பாட்டைப் பற்றி எழுந்த புதுச்சமயம் என்றலே தகும். எனினும் இது குறையன்று. திருமணமும் ஈமக்கடனும் அச்சங்கத்தின் குருமாரால் நிகழ்வன. வாழ்வின் தலையாய பொழுதுகளில் மக்கள் நாடும் சொல்லை வெறும் இலக்கியச் சுவையென ஒதுக்குதல் இயலாது.

பாட்டு மொழிக்குரியது, அம்மொழியைக் கற்பார் எக்குலத்தவராயினும் அதற்கு உரியர். குருதிவழி உரிமை கொண்டாடுவோர் அவ்வாயிலை அடைப்பர். இழந்ததனை இழந்ததென ஒப்பி எஞ்சியதனைப் போற்றுதலே வாய்மையோடு பொருந்திய மறுமலர்ச்சியாகும். லிஸ்ட் அதனை ஒப்பாது இட்டு நிரப்பினார், ஐஸ்லாந்தினர் ஒப்பியமைந்தனர். இவ்வேறுபாடே இரு நெறிகளின் தகுதியையும் அளத்தற்குரிய அளவுகோல் எனலாம்.