கேஸ் வலி என்ற சமாதானம்

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியபோது சக அறுவை மருத்துவர்கள் அதை ஏற்கவில்லை. இன்று பித்தப்பைக் கல்லுக்கு வயிற்றைக் கிழித்துத் திறப்பதுதான் விதிவிலக்கு. வலி குறைவு, தழும்பு சிறிது, காயத்தில் சீழ் பிடிப்பதும் அரிது. பெரும்பாலோர் மறுநாளே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அன்றாடக் கூலியை நம்பிய குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் கவலை அந்த மறுநாளைப் பற்றியது. நோயாளி வீட்டுக்கு வரும்போது கண்காணிப்பும் கூடவே வந்துவிடுகிறது. செவிலியர் கவனித்ததை இனி மனைவியோ மகனோ கவனிக்க வேண்டும். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: “கேஸ் வலிதான், நடந்தா சரியாயிடும்.”

அந்த வாக்கியம் முக்கால்வாசி உண்மை என்பதுதான் சிக்கல். அறுவையின்போது வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி உப்ப வைக்கிறார்கள். அது உதரவிதானத்தை உறுத்த, வலி தோளில் தெரியும். ஓரிரு நாளில் தணியத் தொடங்கும். ஆகவே பார்க்க வேண்டியது வலி எவ்வளவு என்பதை மட்டுமல்ல, அது எந்தப் பக்கம் போகிறது என்பதை. நேற்றைவிட இன்று தேவலை என்றால் நல்லது. நேற்றைவிட இன்று மோசம் என்றால் அதற்குக் கேஸ் என்று பெயர் வைக்கக் கூடாது.

அறுவையின்போது நேரும் குடல் காயத்தில் இந்தப் பெயர் எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். மின்சாரக் கருவியின் சூடு பட்ட குடற்சுவர் அறுவை மேசையில் முழுதாகவே தெரியும். அந்த இடம் செத்து ஓட்டை விழப் பல நாட்கள் ஆகலாம். அதற்குள் நோயாளி வீட்டில் இருப்பார். பலகைபோல் இறுகிய வயிறு, கொதிக்கும் காய்ச்சல் என்று பாடநூல் சொல்லும் அறிகுறிகளுக்குக் காத்திருந்தால் அவை வராமலே போகலாம். ஒரு துளையருகே மட்டும் கூடிக்கொண்டே போகும் வலி, உப்புசம், பேதி, வேகமெடுக்கும் நாடி என்று வேறு வேடத்தில் வரும். ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறுவதற்குப் பதில் இறங்கவும் கூடும். எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால் குடல் ஓட்டை என்பது பழைய பாடம். நாமே வாயுவைச் செலுத்திய வயிற்றில், முதல் சில நாட்களுக்கு அந்தப் பாடமும் கைகொடுக்காது.

பித்தநாளக் காயமும் அப்படித்தான். இது லேப்ராஸ்கோபியில் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு நேர்வதாகச் சொல்லப்படுகிறது. திறந்த அறுவையில் அதைவிடக் குறைவு. வெட்டும் முன் கட்டமைப்பைத் தெளிவாகக் கண்டுகொள்ளும் முறையை அறுவை மருத்துவர் ஸ்ட்ராஸ்பெர்க் 1995இல் வகுத்தார். ஆயினும் காயங்கள் பல மேசையிலேயே பிடிபடுவதில்லை. கசியும் பித்தம் சிலருக்குப் பெரிய வலி தராது; சாப்பாடு பிடிக்காமல் வயிறு ஊதும், அவ்வளவுதான்.

இவை தவிர, சில வாரங்கள் கழித்துத் துளைத் தழும்பு கசியத் தொடங்குவது இந்திய மருத்துவர்கள் நன்கறிந்த தொல்லை. சரியாகக் கிருமி நீக்காத கருவிகளில் தங்கும் காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் இதற்குக் காரணமாகலாம். வழக்கமான ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து மாதங்கள் ஓடிவிடுகின்றன.

எல்லா வலிக்கும் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் வீண் செலவும் வீண் பயமும்தான் மிஞ்சும் என்பார்கள். நியாயமான பேச்சு. ஸ்கேனும் சில வேளை பொய் ஆறுதல் தரும். நான் கேட்பது ஸ்கேனை அல்ல, அறுவை செய்தவரே வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை. சந்தேகம் தீராவிட்டால் மறுபடி உள்ளே பார்க்கத் தயங்காமல் இருப்பதை. பிரிட்டனில் நோயாளி பாதுகாப்பு அமைப்பு 2010இல், லேப்ராஸ்கோபிக்குப் பின் நோயாளி நிலை மோசமாவதைக் கவனிக்கத் தவறுவது பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது.

நம் டிஸ்சார்ஜ் தாளில் மாத்திரை அட்டவணையும் தையல் பிரிக்கும் தேதியும் இருக்கின்றன. வலி கூடினால், வயிறு ஊதினால், கண் மஞ்சளானால் நடுராத்திரியிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணுக்கும் அதில் இடம் இருக்கிறது.