நெய்யூரின் தமிழும் மானிப்பாயின் தமிழும்

1922இல் எவரெஸ்ட் ஏற முயன்று திரும்பிய குழுவில் ஹோவர்ட் சாமர்வெல்லும் இருந்தார். வயது 32. இங்கிலாந்தில் அறுவை மருத்துவராகப் பேரெடுத்திருக்கக்கூடியவர். ஊர் திரும்புமுன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர், தென் திருவிதாங்கூரில் நெய்யூர் லண்டன் மிஷன் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அறுவை சிகிச்சைக்கு டாக்டர் பியூ ஒருவர்தான். வெளியே காத்திருந்ததோ பெருங்கூட்டம். சில நாள் கூட நின்று உதவினார். அதோடு விட்டுப் போக மனம் வரவில்லை. மறு ஆண்டே நெய்யூர் மருத்துவராகி, இடையில் 1924இல் மீண்டும் எவரெஸ்ட் சென்று ஆக்சிஜன் உருளை இல்லாமல் 8,500 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டு, இந்த ஊருக்கே திரும்பி வந்தார்.

இன்று மருத்துவ மாணவர்கள் வெளிநாட்டு மருத்துவமனைகளில் சில வாரம் தொண்டு செய்து, கூடவே அந்த ஊர் மொழியையும் பழகுகிறார்கள். ஸ்பானிய மொழி பேசும் லத்தீன் அமெரிக்க நாடுகளில் இதற்கென்றே பள்ளிகள் நடக்கின்றன. நம் பக்கம் இது புதிதல்ல. வந்த மருத்துவர் தமிழ் கற்று நோயாளியிடம் போவது நெய்யூரிலும் நடந்தது, யாழ்ப்பாணத்து மானிப்பாயிலும் நடந்தது. இரு இடத்திலும் வந்தவர்கள் மிஷனரிகள். மதம் பரப்புவது அவர்கள் நோக்கத்தில் வெளிப்படையாகவே இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கற்ற தமிழை வைத்து என்ன செய்தார்கள் என்பதில்தான் இரு ஊரும் பிரிகின்றன.

நெய்யூர்க் கதை 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சேயோடு தொடங்குகிறது. அவர் நீடிக்கவில்லை. பின்னர் வந்த சார்லஸ் லீச் 1854இல் கடலில் குளிக்கையில் மூழ்கி இறந்தார். 1861இல் வந்த ஜான் லோ, உள்ளூர் இளைஞர்களை மருத்துவ உதவியாளர்களாகப் பயிற்றத் தொடங்கிய பிறகே பணி வேர் பிடித்தது. பயின்றவர்கள் கிளை மருத்துவமனைகளுக்குப் போனார்கள். திருவிதாங்கூரின் தென்கோடி ஊர்களில் கதவைத் தட்டினால் திறக்க ஒரு தமிழ் வைத்தியர் கிடைத்தார். நெய்யூர் என்றதும் நினைவுக்கு வருவது இந்தக் கிளைகள்தாம். பாடநூல் எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

அங்கே தமிழ் நோயாளியின் கட்டிலருகே பேசுகிற தமிழ். அது சின்ன விஷயமில்லை. சாமர்வெல்லின் கத்திக்கு அதிகம் வந்தது முன்சிறுகுடல் புண். தென் திருவிதாங்கூரில் அந்த நோய் வெகு அதிகம். மரச்சீனிக் கிழங்கும் அரிசியுமாக உண்ட உணவுமுறையைச் சந்தேகித்தவர்களில் அவரும் ஒருவர். இந்தப் புண்ணைக் கண்டுபிடிக்க முதல் கருவி காதுதான். “வயிறு காஞ்சா எரியும், ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா அடங்கும், சாமம் தட்டினா மறுபடி எழுப்பி விட்டுரும்” என்று ஒரு வயற்காட்டுக்காரர் சொன்னால் நோயின் முக்கால் பங்கு அங்கேயே தெரிந்துவிடும். வெறும் “வயிற்று வலி” என்று மட்டும் புரிந்துகொள்கிற மருத்துவர் பத்து நோய்களுக்கு நடுவில் நிற்பார்.

மானிப்பாய்க்கு வந்த சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் வேறு மாதிரி யோசித்தார். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்காரர். 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் மாணவர்களுக்குக் கற்பித்தார். ஆங்கிலம் தெரிந்த மாணவன் படிப்பு முடித்ததும் அரசாங்கச் சம்பளத்துக்குப் போய்விடுகிறான். கிராமம் பழையபடியே கிடக்கிறது. 1860களில் கிரீன் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார். தமிழில் படித்தவன் தமிழ் ஊரில்தான் வைத்தியம் பார்ப்பான் என்பது அவர் கணக்கு. தம் மாணவர்கள் அமெரிக்கராக மாறாமல் உடையிலும் பழக்கத்திலும் தமிழராகவே இருக்க வேண்டும் என்பதிலும் கண்டிப்பாக இருந்தார்.

வகுப்புக்குப் புத்தகம் வேண்டும். துரூயிட்டின் அறுவை மருத்துவம் ‘இரண வைத்தியம்’ என்று 1867இல் வந்தது. கிரேயின் உடற்கூற்று நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ ஆயிற்று. டான்போர்த், சாப்மன், சுவாமிநாதன் என்று அவரிடம் படித்தவர்களும் மொழிபெயர்ப்பில் உழைத்தார்கள். கலைச்சொற்பட்டியல்களையும் தனியே அச்சிட்டார்கள். எலும்பும் நரம்பும் ஒவ்வொன்றாகத் தமிழில் பெயர் பெற்ற அந்த உழைப்பை இன்று நினைத்தாலும் மனம் நெகிழ்கிறது.

இதில் எங்கள் நாஞ்சில் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கே பலருக்கும் அது தெரியாது. கிரீனின் வேதியியல் நூலான ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சேறியது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில். யாழ்ப்பாணத்தில் உருவான தமிழ் அறிவியல் எங்கள் ஊரில் எழுத்துக் கோக்கப்பட்டுக் கடல் கடந்து திரும்பியிருக்கிறது. அச்சகத்திலிருந்து நெய்யூர் அதிகத் தொலைவில்லை. இருந்தும் அந்த நூல்களைச் சுற்றி இங்கே ஒரு தமிழ் மருத்துவப் பள்ளி எழவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கிரீன் 1873இல் ஊர் திரும்பினார். கொழும்பில் 1870இலேயே மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் தொடங்கியிருந்தது. சம்பளமும் அந்தஸ்தும் அந்தப் பக்கம் இருந்தன. தமிழ் வகுப்பு நீடிக்கவில்லை. நெய்யூரில் பயின்றவருக்கு வேலை பார்க்க ஒரு கிளை காத்திருந்தது; மானிப்பாயில் தமிழில் பயின்றவருக்குக் கையில் அறிவு இருந்தது, பின்னால் அமைப்பு இல்லை. ஆனாலும் இரண்டில் பெரிய துணிவு கிரீனுடையதே என்பேன். நோயாளியின் மொழியைக் கற்பது ஒரு படி. அந்த மொழியிலேயே மருத்துவரை உருவாக்குவது அதற்கும் மேலான படி.

இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் நாகர்கோவில் பக்கத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலும் பாடமொழி ஆங்கிலம். ஆசாரிப்பள்ளத்துக்கு அகில இந்திய ஒதுக்கீட்டில், தமிழ் தெரியாத பிள்ளைகள் வருகிறார்கள். 2019இல் வந்த புதிய பாடத்திட்டம் முதலாண்டுத் தொடக்கத்தில் உள்ளூர் மொழி வகுப்பும் வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது வகுப்பறைத் தமிழ். விளவங்கோட்டு அம்மச்சி கட்டிலில் படுத்துக்கொண்டு, “மக்களே, நேத்து ரெண்டு தடவ சர்த்திச்சேன், நடு வலிக்கு” என்கிறார். சென்னைப் பிள்ளையே ஒரு கணம் விழிக்கும். சர்த்தி என்றால் வாந்தி, நடு என்றால் இடுப்பு என்று பக்கத்தில் நிற்கும் நர்ஸ் அக்காதான் சொல்லிக்கொடுக்கிறார். அதே தொல்லையை யாழ்ப்பாணத்து ஆச்சி, “பிள்ளை, ரெண்டு தரம் சத்தி எடுத்தனான், நாரி நோகுது” என்று சொல்லுவார். அதைக் கேட்டு எழுதிக்கொள்வது தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவராக இருக்கலாம்.

ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆசாரிப்பள்ளத்தில் படிக்கும் வடநாட்டுப் பிள்ளை படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பிவிடும். இலங்கையில் தமிழ் மருத்துவர் அம்பாந்தோட்டைக்கும் சிங்கள மருத்துவர் கிளிநொச்சிக்கும் பணிக்குப் போக நேரிடும். மற்றவர் மொழி அங்கே ஆயுள் முழுவதும் கூட வரும். போருக்குப் பிறகான தீவில், வலி எங்கே என்று அடுத்தவர் மொழியில் கேட்கத் தெரிந்த மருத்துவரின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

ஆசாரிப்பள்ளத்திலும் நெய்யூரிலும் வார்டுகளில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்த நர்ஸ்களை உட்கார வைத்து, நோயாளிகள் சொல்லும் சொற்களைத் தொகுத்தால் ஒரு சிறு கையேடு தேறும். யாழ்ப்பாணத்தார் தங்கள் சொற்களை எதிர்ப்பக்கத்தில் சேர்க்கலாம். பீகாரிலிருந்து வரும் மாணவருக்கும் இலங்கையின் காலியிலிருந்து வரும் மாணவருக்கும், டொராண்டோவிலிருந்து தாத்தா ஊருக்குத் தொண்டு செய்ய வரும் பேத்திக்கும் அது முதல் நாளிலிருந்தே உதவும். கிரீன் எலும்புக்கும் நரம்புக்கும் பட்டியல் போட்டார். நோவுக்கும் எரிச்சலுக்குமான பட்டியலை இனிமேல்தான் போட வேண்டும்.