நாலு பேர் பேசிப் படிக்கும் பாடம்

பாடத்தைப் பிசிறில்லாமல் உரக்க வாசிப்பான். கால்புள்ளி, முற்றுப்புள்ளி பார்த்து நிறுத்துவான். என்ன படித்தாய் என்று கேட்டால் மட்டும் விழிப்பான். இப்படி ஒரு பிள்ளை இல்லாத வகுப்பு கிடையாது. அவனுக்கு என்ன செய்கிறோம்? இன்னும் நாலு கேள்வி கேட்கிறோம். 1970களின் இறுதியில் டோலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் அமெரிக்கப் பள்ளிகளில் உட்கார்ந்து இதைக் கணக்கெடுத்தார். நான்காம் வகுப்புகளில் அவர் கவனித்த 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தில், புரிந்துகொள்ளும் வழியைச் சொல்லிக்கொடுக்கச் செலவானது வெறும் 20 நிமிடம். கேள்வி கேட்பதும் பயிற்சித்தாள் கொடுப்பதும் தாராளமாக நடந்தன. புரிந்ததா என்று சோதிப்பதையே கற்பித்தல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு மாற்றாக ஆன்மேரி பாலின்சரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட முறைதான் வழிகாட்டப்பட்ட குழு உரையாடலுக்கு இன்றுவரை முன்மாதிரி. எழுத்துக்கூட்டத் தடுமாறாத, ஆனால் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிறு குழுவாக உட்காரவைத்தார்கள். ஒரு பத்தி படித்ததும் நான்கு வேலைகள்: அதிலிருந்து ஒரு கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது, விளங்காத இடத்தைத் தெளிவாக்கிக்கொள்வது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. முதலில் ஆசிரியர் செய்துகாட்டுவார். பிறகு பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியர் இடத்துக்கு வருவார்கள். அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குவார். சுமார் 20 நாள் பயிற்சியில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது.

ஏரிகளைப் பற்றிய ஒரு பத்தியை எடுத்துக்கொள்வோம். மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் கலங்கல் வழியாக வழிந்து கீழ் ஏரிக்குப் போகும் என்று அதில் இருக்கிறது. முறை வந்த பிள்ளை கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "மேல் ஏரி நிரம்பினால் உபரிநீர் எங்கே போகும்?" வாக்கியத்தின் வாலைத் திருப்பிப் போட்டாயிற்று. இதற்குப் பதில் சொல்ல ஏரியைப் பற்றி எதுவுமே தெரிந்திருக்க வேண்டாம். தேர்ந்த ஆசிரியர் இதைத் தப்பு என்று தள்ளமாட்டார். "சரிம்மா, இப்ப நான் ஒண்ணு கேக்கறேன். மேல் ஏரிக்காரங்க கலங்கலை ரெண்டு அடி உயர்த்திக் கட்டிட்டாங்கன்னு வெச்சுக்கோ. கீழ் ஏரிக்காரங்க என்ன பண்ணுவாங்க?" என்பார். "சண்டைக்குப் போவாங்க டீச்சர்" என்பாள் ஒருத்தி. ஏன் என்றதும் எல்லாரும் புத்தகத்துக்குத் திரும்புவார்கள். கலங்கல் என்றால் கலங்கிய தண்ணீர் என்று அதுவரை நினைத்திருந்த பையன் அங்கேதான் மாட்டிக்கொள்வான். தண்ணீரை எப்படி உயர்த்திக் கட்டுவது?

அவன் தனியாகப் படித்து விடை எழுதியிருந்தால், 'கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்குப் போகும்' என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருப்பான். தவறான புரிதல் வெளியே வந்து எல்லார் முன்னிலையிலும் தடுக்கி விழுகிறதே, அதைத்தான் இந்த முறையின் ஆகப்பெரிய லாபமாக நான் பார்க்கிறேன். அதைக் கொண்டுவந்தது ஆசிரியரின் இரண்டாவது கேள்வி என்பதையும் கவனிக்க வேண்டும். நான்கு படிகளும் அதற்கு இடம் ஒதுக்கித் தந்தன, அவ்வளவே.

அந்த இரண்டாவது கேள்வி இல்லாவிட்டால்? படிகள் சடங்காகிவிடும். தமிழ்நாட்டில் இது நமக்குப் பழகிய கதை. 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கொண்டுவந்த படைப்பாற்றல் கல்வி, காகிதத்தில் நல்ல ஏற்பாடு: பாடத்தைப் படித்து ஆளுக்கொரு மனவரைபடம், பிறகு குழுவாக ஒன்று, பிறகு எழுந்து நின்று விளக்குவது. நடைமுறையில் பல வகுப்புகளில் என்ன நடந்தது என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பாடத்தில் தடித்த எழுத்தில் இருந்த சொற்கள் வட்டத்துக்குள் போயின. குழு வரைபடத்தைக் கையெழுத்து அழகான பிள்ளை வரைந்தது, வாய்த்துடுக்குள்ள பிள்ளை விளக்கியது, மற்றவர்கள் கைதட்டினார்கள். பார்வைக்கு வரும் அதிகாரிக்குச் சுவரில் ஒட்டிய சார்ட் தெரியும், கலங்கல் பையன் தெரியமாட்டான்.

ஆய்வுகளும் கொஞ்சம் நிதானமாகவே பேசுகின்றன. பாலின்சர்-பிரவுன் முறையைப் பற்றிய 16 ஆய்வுகளை ரோசன்ஷைனும் மைஸ்டரும் 1994இல் தொகுத்துப் பார்த்தார்கள். ஆய்வாளர்களே தயாரித்த சோதனைகளில் விளைவின் இடைநிலை அளவு 0.88, எல்லாருக்கும் பொதுவான தரப்படுத்தப்பட்ட சோதனைகளில் 0.32தான். 0.32 அற்பமான எண் அல்ல. பள்ளியில் செய்து பார்க்கும் பல காரியங்கள் அந்த அளவைத் தொடுவதில்லை. ஆனால் பயிற்சிக்கு நெருக்கமான சோதனையில் கிடைத்த லாபம், வெளியே போனதும் பாதிக்கும் கீழே இறங்குகிறது. பி. கரென் மர்ஃபியும் சகாக்களும் 2009இல் பலவகை உரையாடல் முறைகளை ஒப்பிட்டுச் சொன்னது இன்னும் கூர்மையானது: பிள்ளைகளின் பேச்சை அதிகப்படுத்துவதில் பல முறைகள் வென்றன; பேச்சு கூடிய இடத்திலெல்லாம் புரிதலும் கூடிவிடவில்லை.

இன்னொரு குறை முறைக்குள்ளேயே இருக்கிறது. 1988இல் ரெக்டும் லெஸ்லியும் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். ஆட்டம் தெரிந்த சுமாரான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை மிஞ்சினார்கள். நம் ஏரிப் பத்தியும் அப்படித்தான். ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவள் குழுவில் ஒருத்தி இருந்தால் அவள் அறிவு எல்லாருக்கும் பாயும். நால்வரும் அடுக்குமாடிப் பிள்ளைகள் என்றால் நால்வரும் சேர்ந்து ஊகிப்பார்கள், அதுவும் அழுத்தந்திருத்தமாக. அங்கே உத்திகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல், ஏரியின் படம் ஒன்றைக் காட்டி விளக்குவதே மேல். உரையாடல் நேரடி விளக்கத்தின் இடத்தைப் பிடிக்கத் தேவையில்லை என்பதை இதன் ஆதரவாளர்கள் ஏனோ தயக்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஆள்கணக்கும் உதைக்கிறது. 40 பேர் வகுப்பில் ஐந்து ஐந்து பேராகப் பிரித்தால் எட்டுக் குழு. ஒரே ஆசிரியர் ஒரு பாடவேளையில் எட்டு இடத்திலும் இரண்டாவது கேள்வி கேட்க முடியாது. கேட்டாலும் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களிலேயே கண்டார். ஆகவே எல்லாப் பாடத்துக்கும் குழு என்று சுற்றறிக்கை அனுப்புவது வீண் வேலை. வாரத்துக்கு ஒரு பாடம், ஒரு நாளைக்கு ஒரு குழுவோடு ஆசிரியர், மற்றவர்களுக்கு எழுத்து வேலை என்பது சாத்தியம். எல்லாக் குழுவையும் ஒருமுறை சுற்றிவர ஒன்றரை வாரத்துக்கு மேல் ஆகும், ஆகட்டும்.

அதோடு பருவத்தேர்வு வினாத்தாளையும் தொட வேண்டும். "உபரிநீர் எங்கே போகும்?" என்ற வகைக் கேள்விக்கே அங்கே மதிப்பெண் இருக்கும்போது, குழுவில் உட்கார்ந்து அதே மாதிரிக் கேள்வி தயாரிக்கும் பிள்ளையைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.