பிள்ளை சுமந்த பிள்ளை

பாமாவின் ‘கருக்கு’ 1992-இலும் ‘சங்கதி’ 1994-இலும் வெளிவந்தன. முன்னது துறவற இல்லம் புகுந்து வெளியேறிய ஒருத்தியின் தன்வரலாறு. பின்னது தலித் கிறிஸ்தவப் பெண்கள் பலரின் கூட்டு வரலாறு. கதைக்கட்டு ஏதுமின்றிப் பாட்டியும் தாயும் அண்டை வீட்டாரும் பேசும் பேச்சாகவே ‘சங்கதி’ நகர்கிறது. அந்தப் பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவோர், அதில் ஒலிக்கும் முறையீட்டையும் சேர்த்தே ஒதுக்கிவிடுகின்றனர்.

அதில் வரும் மைக்கண்ணி, பத்துப் பதினோரு வயதுச் சிறுமி. தாய் பேறுகாலத்தில் படுத்துவிட்டால் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குச் சென்று கூலி கொண்டு வருபவள் இவளே. தம்பி தங்கையரைத் தூக்கிச் சுமப்பவளும் இவளே. குழந்தைத் தொழிலாளரின் அவலம் என்ற அளவில் இப்பகுதியைப் படித்து நிறுத்துவது எளிது. என்னை உறுத்துவது வேறொன்று. இச்சிறுமியின் தாய்மை, அவள் தாயாகும் முன்னரே செலவழிந்துவிடுகிறது.

பல ஆண்டுகளுக்கு முன், திண்டிவனம் பகுதியில் நடந்த திருமணத் தயாரிப்பு வகுப்பில், மக்கட்பேறு இறைவனின் கொடை என்று வழக்கம்போல் விளக்கிக்கொண்டிருந்தேன். செங்கல் சூளைக்குப் பெற்றோர் புறப்பட்டுவிட, வீட்டில் தங்கி உடன்பிறந்தாரைப் பேணிய பெண்ணொருத்தி எழுந்து, “மூணு புள்ளைங்கள வளத்து முடிச்சிட்டேன் சாமி. கொஞ்ச நாளு வேணாம்” என்றாள். தன்னலம் குறித்து அவளுக்கு ஒரு சிறு மறையுரையே ஆற்றினேன். அவள் தலைகுனிந்து அமர்ந்தாள். பின்னாளில் மைக்கண்ணியைப் படித்தபோது, அன்று தன்னலத்தை அல்ல, களைப்பையே கடிந்துகொண்டேன் என்பதை உணர்ந்தேன்.

திருச்சபையின் போதனை என் மறையுரையைவிட விரிவானது. எத்தனை பிள்ளைகள் என்ற தீர்ப்பை இறைவன் திருமுன் தம்பதியரே செய்ய வேண்டும் என்பது 1965-இல் வெளியான ‘இன்றைய உலகில் திருச்சபை’ கொள்கைத் திரட்டின் 50-ஆம் எண். 1968-இன் ‘ஹூமானே வீத்தே’ மடல் வழிமுறைகளுக்கு வரம்பிட்டது மெய்யே; ஆயினும் உடல், பொருளாதார, உளவியல், சமூகச் சூழல்களை எண்ணிப் பார்க்கும் பொறுப்புள்ள பெற்றோர்நிலையையும் அது போதிக்கிறது. முன்னதை உரக்கச் சொன்ன நாம், பின்னதைத் தாழ்குரலில் சொன்னோம். சிறுவயதில் நிபந்தனையற்ற அன்பை உணராதோர் அந்தக் காயத்தை மணவாழ்விலும் சுமப்பதை 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் ‘அன்பின் மகிழ்வு’ ஊக்கவுரையில் குறிப்பிட்டார்.

காயம் எல்லாரையும் ஒரே திசையில் தள்ளுவதில்லை. வறண்ட இளமையுடைய ஒருவர் குழந்தையே வேண்டாம் என்பார். மற்றொருவர் இழந்த அன்பையெல்லாம் ஈடுசெய்யப் பல பிள்ளைகளை விரும்புவார். இரண்டாமவரை வாழ்த்தி முதலாமவரை ஐயுறுவது நம் வழக்கம். ஆனால், பெற்றோரின் பழங்கடனைத் தீர்க்கவென்று பிறக்கும் பிள்ளையும் சுமை சுமந்தே வளர்கிறது.

நூலில் ஒரு குறை உண்டு. துயரத்திலிருந்து துணிவுக்கு ஆசிரியர் பல இடங்களில் விரைந்து தாவுகிறார்; இடையே நிற்கும் தயக்கத்துக்கு இடம் தருவதில்லை. மைக்கண்ணியையும் சிறுமியாகவே விட்டுச் செல்கிறார். வளர்ந்து மணமேடை ஏறும் அவள் என்ன முடிவெடுப்பாள்? ஆசிரியர் எழுதாத அந்தப் பக்கம் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நம் பங்குகளில் நாள்தோறும் எழுதப்படுகிறது. அவள் நம்மிடம் வரும்போது, எத்தனை பிள்ளை என்று கேட்குமுன், நீ எப்படி வளர்ந்தாய் மகளே என்று கேட்போம்.