காணாமல்போன எலும்பும் கண்முன் நடக்கும் விலங்கும்

தொல்லுயிர்களையும் பரிணாமத்தையும் பற்றிய ஒரு காணொளியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது? படத்தின் அழகு, குரலின் ஈர்ப்பு, தகவலின் செறிவு ஆகியவற்றை முன்வைப்பது வழக்கம். மூன்றும் வேண்டியவைதாம். ஆனால் மூன்றும் கூடியிருந்தும் ஒரு காணொளி கல்வியாகாமல் போகலாம். சொல்லப்படுவது எப்படித் தெரியவந்தது என்பதை அது பார்ப்பவர் முன் வைக்கிறதா என்பதே முதற்கேள்வி. இத்துறையில் நேரில் கண்ட சாட்சி எவரும் இல்லை. கல்லில் தொடங்கி உயிரை நோக்கிச் செல்லும் அனுமானத்தின் வழிதான் துறையே. அந்த வழியை மறைத்து முடிவை மட்டும் காட்டும் படைப்பு, முடிவு சரியாகவே இருந்தாலும், துறையைக் கற்பித்ததாகாது.

இந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்கக் காவிரிப் படுகையைவிடத் தகுந்த இடம் குறைவு. தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே போனால் அரியலூர். புவியியலாளர் பிளான்ஃபோர்டு அங்குள்ள பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று வகுத்ததும், தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா அவற்றின் உயிரெச்சங்களை விவரித்ததும் 1860களிலும் அதையொட்டியும் நடந்தவை. காரையின் களிமண் ஓடைகளில் அம்மோனைட்டுகளும், கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகளும், சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமும் இன்றும் உண்டு. இப்பாறைகள் அரியலூரோடு நின்றுவிடவில்லை. கிழக்கே சரிந்து டெல்டாவின் வண்டலுக்கு அடியில் பல ஆயிரம் மீட்டர் ஆழம்வரை செல்கின்றன. நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் கிணறுகளும் இதே காவிரிப் படுகையில் இறங்கியவைதாம். நெல்வயலின் அடியில் கிரெடேசியஸ் கடல் படிந்து கிடக்கும் ஊரில் இருப்பவர்கள், அக்கடலைப் பற்றித் திரையில் சொல்லப்படுவதைக் கறாராகக் கேட்க உரிமை உள்ளவர்கள்.

கல்லமேட்டு விலங்கை எடுத்துக்கொள்வோம். அரியலூர் பகுதியின் கல்லமேட்டில் கிடைத்த பெரும் எலும்புகளை ஆதாரமாகக் கொண்டு, 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் பிருகத்காயோசாரஸ் என்ற பேரினத்தை நிறுவினார்கள். இடுப்பெலும்பின் பகுதிகள், தொடையெலும்பின் துண்டு, ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள கீழ்க்கால் எலும்பு, வால் முள்ளெலும்பு ஒன்று என்று கிடைத்தவை சில. முதலில் இதை ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். பிறகு 1995இல் சங்கர் சாட்டர்ஜி, இது நெடுங்கழுத்துத் தாவர உண்ணியான சாரோபாட் என்று கருத்துரைத்தார். எலும்பு அல்ல, கல்லாகிப்போன மரம் என்ற ஐயமும் எழுந்தது. இதைத் தீர்க்க மூல எலும்புகளைத் திரும்பப் பார்க்க வேண்டும், அவை இல்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறித் தாக்கும் களிமண்ணில் கிடந்த எலும்புகள் சிதைந்து உதிர்ந்துவிட்டன என்ற செய்தி 2017இல் அச்சில் வந்தது. 2022இல் பாலும் அய்யாசாமியும் அதுவரை வெளிவராத களப் புகைப்படங்களை வெளியிட்டார்கள். எலும்பு என்ற கட்சிக்கு வலு கூடியது. அடுத்த ஆண்டு கிரெகரி பாலும் (முன் சொன்ன பால் அல்ல, வேறொருவர்) லாரமெண்டியும் எடையை 100 டன்னுக்கும் மேல் மதிப்பிட்டார்கள்.

தமிழிலும் ஆங்கிலத்திலும் ‘உலகின் மிகப்பெரிய டைனோசர்’ என்ற தலைப்பில் வரும் காணொளிகளில் இந்த விலங்கு முழு உடலோடு நடக்கிறது. தோலின் நிறம், கழுத்தின் வளைவு, காலடியின் அதிர்வு, எல்லாம் உண்டு. பக்கத்தில் ஒரு மனிதனும் ஒரு பேருந்தும் அளவுக்காக நிற்கும். இதில் ஊக்கம் தரும் ஆற்றல் இருக்கிறது. நம் மண்ணில் இப்படியொன்று இருந்தது என்ற எண்ணமே ஒரு பிள்ளையைப் புத்தகத்தின் பக்கம் திருப்பக் கூடும். அதை நான் சிறிதாக எண்ணவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சில எலும்புகள், அவையும் இப்போது இல்லை, மிஞ்சியவை ஒரு கட்டுரையும் கோட்டுப்படங்களும் சில புகைப்படங்களும் என்ற செய்திதான் இந்த விலங்கின் உண்மைக் கதை. அது ஒரு துப்பறியும் கதைக்குரிய பரபரப்பும் உடையது. ஊனுண்ணி தாவர உண்ணியானதும், எலும்பு மரமாகச் சந்தேகிக்கப்பட்டு மீண்டும் எலும்பானதும் சொல்லப்பட்டிருந்தால், ஓர் அறிவியல் கருத்து எப்படித் திருத்தப்படுகிறது என்பதைப் பத்து நிமிடத்தில் காட்டியிருக்கலாம். அளவின் மிகைச்சொல்லுக்காக அதைக் கைவிட்டது முறையியல் குறை மட்டுமல்ல, கதை சொல்லும் கலையிலும் குறைதான்.

2020 அக்டோபரில் இதே மிகைப்படுத்தலின் சிறு வடிவம் நடந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் மண் தோண்டியபோது கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் என்று படங்களோடு பரவின. அவை அம்மோனைட் போன்ற எச்சங்களைச் சுற்றிக் கனிமம் திரண்டு இறுகிய உருண்டைகள் என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். மறுப்பு வந்தது என்பதோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொண்டார்கள். முட்டை என்று சொல்ல என்ன வேண்டும்? மெல்லிய ஓடு இருக்க வேண்டும். அந்த ஓட்டை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் படிகங்களின் ஒழுங்கும் மூச்சுத் துளைகளும் தெரிய வேண்டும். உருண்டை என்பது மட்டும் சான்றாகாது. இந்த நான்கு வரியைச் சொல்லும் காணொளிக்கு நான் எத்தனை அசைவுப்படங்களையும் விட்டுக்கொடுப்பேன்.

ஆங்கிலத்தில் இத்தகுதியை நெருங்குவது பி.பி.எஸ். ஈயான்ஸ். 2017இல் தொடங்கிய இத்தொடர், பத்து நிமிட அளவில் ஒரு கேள்வியை எடுத்து, அதைத் தீர்க்கப் பார்த்தவர்களின் முயற்சிகளை வரிசைப்படுத்துகிறது. ஆதாரக் கட்டுரைகளைக் காணொளியின் கீழே பட்டியலிடுவது அதன் வழக்கம். கல்வி நேர்மைக்கு இது குறைந்தபட்சத் தேவை. அந்தக் குறைந்தபட்சத்தையே பலர் தொடுவதில்லை. கருத்து வேறுபாட்டை மூடி மறைக்காமல் சொல்வது அதன் இரண்டாம் சிறப்பு. அமைப்பு ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருப்பதும், வட அமெரிக்கச் சான்றுகள் மேலோங்கி நிற்பதும் குறைகள். திமிங்கிலங்கள் நிலத்தில் நடந்த கதையை எவர் சொன்னாலும் நாம் கேட்க வேண்டிய ஒரு பெயர் உண்டு. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் புவியியலாளர் ஏ. ரங்கராவ் சேகரித்த கற்களிலிருந்துதான், அவர் மறைந்த பின், தெவிஸ்ஸனின் குழு இண்டோஹியஸ் என்ற தொல்விலங்கின் காதெலும்பை வெளியே எடுத்து, திமிங்கிலத்தின் நெருங்கிய உறவைக் கண்டது. அந்தப் பாறைப் பெட்டிகள் இல்லாமல் 2007ஆம் ஆண்டுக் கட்டுரை இல்லை.

2022இல் வெளிவந்த ‘பிரிஹிஸ்டாரிக் பிளானட்’ தொடர் காட்சியின் உச்சம். அதன் காலம் கல்லமேட்டின் காலமே. இரண்டாம் பருவத்தில் தக்காணத்து எரிமலை நிலத்தில் இசிசாரஸ் முட்டையிட வருகிறது. நம் நிலப்பரப்பைத் திரையில் இவ்வளவு உயர்ந்த தரத்தில் வேறெவரும் காட்டியதில்லை. ஆனால் விலங்கின் நடத்தை உறுதியான குரலில் சொல்லப்படுகிறது. அதற்கான சான்று தனியே, சிறு துணைக் காணொளிகளில் ஒதுக்கப்படுகிறது. அழகையும் ஆதாரத்தையும் இரு அறைகளில் வைத்தால் பெரும்பாலோர் முதல் அறையோடு திரும்பிவிடுவார்கள். அத்தொடரின் சாதனையை மதிக்கிறேன். அதன் கட்டமைப்பை ஏற்க இயலவில்லை.

தமிழ்க் காணொளிகள் இடறும் இன்னொரு இடம் காலம். 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், லெமூர்களின் பரவலை விளக்க ஒரு கண்டத்தைக் கற்பித்தார். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பின் அக்கற்பனைக்குத் தேவையில்லாமல் போயிற்று. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தது ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன். கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில் கடல்மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன். பூம்புகார் பட்டினமாக இருந்தது அதற்கும் வெகு பின்னால். இம்மூன்றையும் ஒரே மூச்சில் ஒரே கடல்கோளாக்கும் படைப்பில் எவ்வளவு நல்ல தகவல் இருந்தாலும் அதன் ஒருமை சிதைந்துவிடுகிறது. அதிரம்பாக்கத்துக்கும் இதே விதி. சாந்தி பப்புவின் குழு 2011இல் அங்குள்ள கற்கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று காட்டியது பெரும் சாதனை. ஆனால் நம் மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸின் வயதே ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான். அக்கருவிகளைச் செய்தவர்கள் வேறொரு மனித இனம். அவர்களைத் தமிழர் என்று அழைக்கும் காணொளி, பெருமையைக் கூட்டும் முயற்சியில் கண்டுபிடிப்பின் பொருளையே இழக்கிறது.

பாடநூல் வழியில் வருவனவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2019இல் தொடங்கிய கல்வி தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபிலும் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக இருக்கிறது. திருவக்கரைக் கல்மரப் பூங்கா அதில் இடம்பெறுகிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டு, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கண்டித்த நிலையில், மாநிலப் பாடத்திட்டம் அதைக் காத்து நிற்பது போற்றத்தக்கது. கலைச்சொல் துல்லியமும் வரிசை ஒழுங்கும் இப்பாடங்களின் பலம். நூலைத் தாண்டிக் களத்துக்குப் போகத் தயங்குவது பலவீனம். திருவக்கரையின் பெயரைச் சொல்வதும், அங்கே ஒரு கல்மரத்தின் வெட்டுமுகத்தைக் காட்டி இது எந்த மரக்குடும்பம் என்று எப்படி அறிந்தார்கள் என்று விளக்குவதும் வேறு வேறு.

எல்லாவற்றையும்விடக் கடுமையான குறையாக நான் கருதுவது, பரிணாமம் என்றாலே முடிந்துபோன பழங்கதை என்று எல்லாத் தரப்பும் ஏற்றுக்கொண்டிருப்பது. முகப்புப் படத்தில் குனிந்த குரங்கு படிப்படியாக நிமிர்ந்து மனிதனாகும். 1965இல் சாலிங்கர் வரைந்த ஓவியத்தின் வழிவந்த அந்த வரிசை, கிளை பிரியும் மரத்தை ஏணியாக்கிவிடுகிறது. ‘அப்படியானால் இன்றைக்கு ஏன் குரங்கு மனிதனாகவில்லை?’ என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. இயற்கைத் தேர்வு இன்றும் நடப்பது என்று காட்டியிருந்தால் அக்கேள்விக்கே இடமிராது.

டெல்டாவில் அதைக் காட்ட டைனோசர் தேவையில்லை, நெல்லை உறிஞ்சும் புகையான் பூச்சி போதும். 1973இல் வந்த ஐ.ஆர். 26 நெல்லில் புகையானைத் தாங்கும் மரபணு இருந்தது. பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தத் தாங்குதிறன் பயனற்றுப் போயிற்று. பூச்சிக் கூட்டத்தில் அந்த நெல்லை உறிஞ்சி வாழக்கூடிய சில முன்பே இருந்தன. மற்றவை பட்டினியில் குறைய, அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகின. 2000களில் இமிடாகுளோபிரிட் மருந்துக்கும் ஆசிய நாடுகள் பலவற்றில் இதே கதி நேர்ந்தது. வேறுபாடு, மரபுவழி, தப்பிப் பிழைத்தல் என்ற மூன்று உறுப்புகளும் இதில் முழுமையாக இருக்கின்றன. வட்ட வட்டமாகக் கருகிய சம்பா வயலைப் பார்த்த எவருக்கும் இதன் விலை தெரியும். 1922 முதல் நெல்லாராய்ச்சி நடக்கும் ஆடுதுறை அருகிலேயே இருக்கிறது. விதைப்பண்ணையில் கலவன் நீக்குபவர் ஒவ்வொரு பருவமும் செய்வது செயற்கைத் தேர்வு. தாளில் கையை வைத்தவுடன் மணி உதிர்ந்துவிடும் காட்டுநெல்லிலிருந்து, அறுத்துக் களத்துக்குக் கொண்டுவரும்வரை கதிரில் மணி நிற்கும் பயிர்நெல்லுக்கு வந்த நெடும் மாற்றத்தின் தொடர்ச்சி அது.

இவ்வளவு சான்று கைக்கெட்டும் தொலைவில் இருக்க, நான் பார்த்த தமிழ்க் காணொளிகளில் ஒன்றுகூடப் பரிணாமத்தை விளக்க வயலுக்குள் இறங்கவில்லை. மொழித் தெளிவிலும் கேட்பவரை இருத்திவைக்கும் திறத்திலும் அவற்றுள் சில ஈயான்ஸுக்கு இணையாக நிற்கின்றன. சான்றைக் கையாளும் முறையில் இன்னும் இரண்டாம் தரத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது.